ஆடிட்டர் குமரப்பா

நம்ம மெக்கானிக்கல்காரனுக்கு ஃபியூஸ் போடத் தெரியாது. எலக்ட்ரிக்கல்காரனுக்குக் கரணை பிடிக்க வராது. எங்க சித்தையன்கோட்டைப் பெரியவர்களோ, நெல்லும் உரலும் மாடும் வீட்டிலேயே இருந்த காலத்தைச் சொல்லி நம்மைக் கேலி செய்வார்கள். யார் பக்கம் நியாயம்? இரண்டு பக்கமும் வாழ்ந்து பார்த்த ஒரு தமிழரின் கதை இது.

ஜே.சி.குமரப்பா 1892 ஜனவரி 4ல் தஞ்சாவூரில் பிறந்தார். லண்டனில் படித்து, பம்பாயில் ஆடிட்டராகத் தொழில் நடத்தினார். கோட்டும் டையுமாக இருந்த மனிதர்! பிறகு அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகம். இந்தியா ஏன் ஏழையானது என்று வெள்ளையர் அரசின் வரவு செலவைப் புரட்டிப் பார்த்ததில் ஆளே மாறிப்போனார். 1929ல் சபர்மதியில் காந்தியைச் சந்தித்தார், கதருக்கு மாறினார்.

1934ல் கிராமத் தொழில்களுக்கென்று அகில இந்திய சங்கம் உருவானபோது அதன் செயலாளர் ஆனார். வார்தாவில் அவர் செய்தது நம்ம லேப் வேலை மாதிரிதான்: செக்கு, திரிகை, கைக்காகிதம், தேனீ வளர்ப்பு. மண்ணெண்ணெய் வேண்டாம் என்று தாவர எண்ணெயில் எரியும் 'மகன் தீபம்' விளக்கு. மில்லில் தீட்டிய வெள்ளை அரிசியை அவருக்கு ஆகவே ஆகாது. தவிட்டோடு சத்தும் போகிறது, குத்துகிறவர்களின் கூலியும் போகிறது என்பது அவர் கணக்கு.

ஆனால் தன்னிறைவு என்றால் ஒருத்தனே எல்லாத்தையும் செய்வது என்று அவர் சொல்லவில்லை. இங்கேதான் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒரு லட்சம் பேர் வாழும் வட்டாரத்துக்குத் தானியம், பருப்பு, எண்ணெய் வித்து, பருத்தி எல்லாம் எத்தனை ஏக்கர் வேண்டும் என்று பட்டியல் போட்டார். அதற்குள்ளே தச்சரும் கொல்லரும் நெசவாளியும் அவரவர் வேலையில் கெட்டியாக இருக்கலாம். ஒரே துண்டு வேலையை நாள் முழுக்கச் செய்து, முழுப் பொருளைக் கண்ணாலேயே பார்க்காத ஆலைத் தொழிலாளியைப் பற்றித்தான் அவருக்குக் கவலை.

எனக்கு ஒரு சந்தேகம். மழை பொய்த்தால் அந்தப் பட்டியல் என்னாகும்? எங்க ஆத்தூர்ப் பக்கத்து விவசாயிகள் இதைத்தான் முதலில் கேட்பார்கள். இன்னொன்று: 1934ல் பீகார் பூகம்ப நிவாரணக் கணக்கை அவரிடம் கொடுத்தார்களே, ஏன்? தேர்ந்த ஆடிட்டர் என்பதால்தானே! காந்தியோடு வந்தவர்களின் செலவைக்கூட அந்த நிதியில் எழுத விடவில்லையாம்.

1942 போராட்டத்துக்குப் பிறகு ஜபல்பூர் சிறையில் இருந்தபோதும் பொருளாதாரப் புத்தகம்தான் எழுதினார். கடைசிக் காலத்தில் மதுரைப் பக்கம் டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் வாழ்ந்தார். 1960 ஜனவரி 30ல் இறந்தார். காந்தி இறந்த அதே தேதி.