செப்பேட்டில் வாழும் யோசேப்பு ரப்பான்

பெசன்ட் நகர்க் கடற்கரைக்கு வந்தவர் எவரும் அங்குள்ள வெள்ளை வளைவைக் காணாமல் திரும்பியிருக்க மாட்டார். அலையில் சிக்கியவரைக் காக்கச் சென்று 1930-ஆம் ஆண்டில் உயிர் நீத்த டென்மார்க் மாலுமி ஷ்மிட்டின் நினைவுச் சின்னம் அது. அதற்குச் சற்றுத் தள்ளி, குப்பத்தில்தான் எங்கள் வீடு. அந்த வளைவின் நிழலில் அமர்ந்து பாடம் படிக்கும்போதெல்லாம், கடல்வழி வந்த இனத்தைச் சேர்ந்த வேறொருவர் என் நினைவுக்கு வருவார். அவர்தாம் யோசேப்பு ரப்பான். வேதியியல் படிக்கும் இவளுக்கு வரலாறு எதற்கு என்று தோழியர் நகைக்கக்கூடும். பொறுத்துக் கேளுங்கள்!

யூதர்களின் கதை, இழந்த கோயிலின் கதை. எருசலேமில் சாலமோன் மன்னன் எழுப்பியதாகக் கூறப்படும் கோயிலைக் கி.மு. 586 அளவில் பாபிலோனியர் அழித்தனர். மீண்டும் எழுந்த கோயிலைக் கி.பி. 70-இல் உரோமானியர் தீக்கிரையாக்கினர். நாடிழந்தோர் திசையெங்கும் சிதறினர். அவ்வாறு சிதறியவருள் ஒரு பகுதியினர் சேர நாட்டு முசிறித் துறைக்கு வந்தனர் என்பது கொச்சி யூதர்களின் மரபுச் செய்தி. யவனர் பொன்கொண்டு வந்து மிளகு ஏற்றிச் சென்றதாகச் சங்க நூல்கள் பேசும் முசிறிதான் அது. சாலமோனுக்குக் கப்பலில் வந்த மயிலைக் குறிக்கும் எபிரேயச் சொல்லும் நம் தோகையும் உறவுடையன என்று கால்டுவெல் கருதினார். சொல் முன்னே வந்தது. மக்கள் பின்னே வந்தனர் போலும்!

இனி ரப்பானிடம் வருவோம். கி.பி. 1000-ஐ ஒட்டிய காலம். முசிறி அப்போது முயிரிக்கோடு; இன்றைய கொடுங்கல்லூர். அங்கு வீற்றிருந்த சேரப் பெருமாள் பாஸ்கர ரவிவர்மன், யூத வணிகர் தலைவரான ரப்பானுக்கு அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவின் தலைமையையும் எழுபத்திரண்டு உரிமைகளையும் அளித்தான். அந்த ஆணை வட்டெழுத்தில், சில கிரந்த எழுத்துகள் கலந்து செப்பேட்டில் வெட்டப்பட்டது. பகல் விளக்கு, நடைபாதையில் விரிக்கும் துணி, பல்லக்கு, குடை, முரசு, எக்காளம், தோரணம் எனப் பட்டியல் நீள்கிறது. ஒருவன் பல்லக்கில் ஏறுவதற்கும் மன்னனின் இசைவு வேண்டியிருந்த காலம்! சுங்கமும் நிறைவரியும் நீங்கின. நகரத்தார் மன்னனுக்குச் செலுத்தும் இறைகளை அவர் செலுத்த வேண்டாம். ஆனால் அவர்கள் பெறும் நன்மைகளைப் பெறலாம். வேணாடு, வள்ளுவநாடு முதலிய நாடுகளின் தலைவர்கள் சான்றாயினர்.

மன்னன் இவ்வளவு ஈந்தது ஏன்? காலத்தைப் பாருங்கள். 985-இல் அரியணை ஏறிய இராசராச சோழனின் படைகள் சேர நாட்டை நெருக்கிக்கொண்டிருந்தன. போர்க்காலத்தில் கப்பலும் பொருளும் உடைய வணிகரின் துணை சேரனுக்குத் தேவைப்பட்டிருக்க வேண்டும் என்பது வரலாற்றறிஞர் எம்.ஜி.எஸ். நாராயணனின் கருத்து. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. வெறும் இரக்கத்தால் யாரும் வரியை விட்டுக்கொடுப்பதில்லை.

அந்தச் சேரப் பேரரசு மறைந்தது. 1341-ஆம் ஆண்டுப் பெரியாற்று வெள்ளத்தில் துறையும் தூர்ந்தது என்பர். ரப்பானின் இனத்தார் கொச்சிக்குப் பெயர்ந்து, அரண்மனைக்கு அருகே 1568-இல் தொழுகைக் கூடம் கட்டினர். செப்பேடு அங்குப் போய்ச் சேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். செப்பேட்டின் படி ஒன்றை 2017-இல் இந்தியப் பிரதமர் இஸ்ரேல் பிரதமருக்கு அளித்தார்.

இந்த வரலாற்றை ஒரு மாலைப் பொழுதில், வலை பின்னிக்கொண்டிருந்த அப்பாவுக்குச் சொன்னேன். அவர் பள்ளி வாசலை மிதிக்காதவர். பல்லக்கும் குடையும் அவருக்குச் சிரிப்பை மூட்டின. ஆனால் அந்த உரிமை ரப்பானின் ஆண்மக்களுக்கும், பெண்மக்களுக்கும், மருமக்களுக்கும், உலகும் திங்களும் உள்ளளவும் உரியது என்ற இடம் வந்ததும் வலையைக் கீழே வைத்தார். பெண்மக்களுக்குமா என்று இருமுறை கேட்டார். ஆம் என்றேன்.

எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் குடும்ப அட்டை இருக்கிறது. மின்கட்டண இரசீதுகள் இருக்கின்றன. பட்டா மட்டும் இல்லை. தாத்தா காலத்திலிருந்து மனு எழுதுகிறோம். இப்போது எழுதுவது நான்.

செம்பு மட்டும் கெடாதா என்றார் அப்பா. இரும்பின் துரு உதிர்ந்து உதிர்ந்து உள்ளே அரிக்கும். செம்பின் மேல் படியும் படலமோ பெரும்பாலும் உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கும் என்று, வகுப்பில் கற்றதைச் சொன்னேன். உப்புக் காற்றில் துருப்பிடித்த எங்கள் கதவுக் கீலை ஒருமுறை பார்த்துவிட்டு, அவர் மீண்டும் வலையை எடுத்துக்கொண்டார்.