பேசாத பந்தய வீரர் பில் வுகோவிச்



இந்த முறை நம் சுவர்ப் பத்திரிகைக்கு ஒரு சாதனையாளரின் வாழ்க்கையை எழுதித் தருகிறேன் என்று பெயர் கொடுத்தேன். கார் பந்தய வீரர் என்றதும் வகுப்பில் பாதிப் பேர் சிரிச்சிட்டாங்க. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி தானா ஓடுது, இதிலென்ன சாதனை என்று கேட்டார்கள். முன்பு நானும் அப்படித்தான் நினைச்சேன். பில் வுகோவிச்சைப் பற்றிப் படித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

அவர் 1918-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் தேதி அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பிறந்தார். பெற்றோர் ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்த செர்பியர்கள். ஃபிரெஸ்னோ என்ற ஊர்ப் பக்கம் விவசாயம் செய்தார்கள். 1932-ல் அப்பா இறந்துவிட்டார். அப்போது பில்லுக்கு 14 வயதுகூட நிறையவில்லை. அமெரிக்கா முழுவதும் வேலையில்லாமல் ஜனங்கள் திண்டாடிய காலம் அது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வேலைக்குப் போனார். கிட்டத்தட்ட நம்ம வயசு. இதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் பேனா நின்றுவிட்டது.

1938-ல் பந்தயத்துக்கு வந்தார். சீக்கிரமே மிட்ஜெட் கார் ஓட்ட ஆரம்பித்தார். மிட்ஜெட் என்றால் குள்ளம். பெயருக்கு ஏற்றபடி சின்ன வண்டிதான், ஒரே ஒரு ஆள் உட்காரலாம். ஆனால் எஞ்சின் பலம் அதிகம். அமெரிக்காவில் இன்றும் புகழ்பெற்ற ஸ்பிரிண்ட் காருக்கு இது தம்பி மாதிரி. இரண்டுமே பெரும்பாலும் சின்ன வட்டமான மண் பாதையில் ஓடும். வளைவில் பின்சக்கரம் வழுக்கிக்கொண்டே போகும். அப்போது வண்டி இடது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை வலது பக்கம் பிடிக்க வேண்டும்! நம்ப முடியலைதானே? சைக்கிளில் மணலில் சறுக்கியவர்களுக்குக் கொஞ்சம் புரியும். பக்கத்திலேயே இன்னொரு வண்டி உரசிக்கொண்டு வரும், முகத்தில் மண் அடிக்கும். இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் வுகோவிச் படித்தார் என்று சொல்லலாம். 1950-ல் மிட்ஜெட் கார் பந்தயத்தில் தேசிய சாம்பியன் ஆனார்.

அடுத்தது பெரிய பந்தயம். இண்டியானாபொலிஸ் நகரில் ஆண்டுதோறும் மே மாதம் நடக்கும் இண்டி 500. ஒரு சுற்று 4 கிலோமீட்டர், மொத்தம் 200 சுற்று. கணக்குப் போட்டால் 800 கிலோமீட்டருக்கும் மேலே. 1951-ல் முதல் தடவை கலந்துகொண்டு 29 சுற்றோடு வண்டி நின்றுபோனது. அதை விடுங்கள். 1952-ல் நடந்ததுதான் விஷயம்.

அந்த வருஷம் 150 சுற்றுகள் அவர்தான் முன்னால் இருந்தார். 192-வது சுற்று ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்பது சுற்றுகூட முழுசா பாக்கி இல்லை. திடீரென்று ஸ்டியரிங்கில் ஒரு சின்ன பாகம் உடைந்தது. அவ்வளவுதான், போச்சு! ஆனால் அந்த நிலைமையிலும் மற்றவர்கள் மீது மோதிவிடாமல், வண்டியை வெளிச்சுவரோடு உரசவிட்டே நிறுத்தினார். 22 வயது டிராய் ரட்மேன் ஜெயித்தார். இண்டி 500-ஐ வென்றவர்களில் மிக இளையவர் இன்றுவரை அவர்தான். வுகோவிச்சுக்குக் கிடைத்த இடம் 17.

நானாக இருந்தால் அந்தப் பக்கமே திரும்பிப் பார்த்திருக்க மாட்டேன். அவர் மறு வருஷம் அதே குழுவோடு திரும்பி வந்தார்.

1953 பந்தயம் வெயிலுக்குப் பேர் போனது. பாதையின் சூடு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. எஞ்சின் சூடு வேறு காலில் அடிக்கும். முடியாதவர்கள் நடுவில் இறங்கி, வேறு ஓட்டுநரிடம் வண்டியைக் கொடுக்கலாம் என்று விதி இருந்தது. அன்று பலர் அப்படித்தான் செய்தார்கள். கார்ல் ஸ்கார்பரோ என்ற வீரர் வண்டியை மாற்றிக் கொடுத்துவிட்டு இறங்கியவர், வெப்பம் தாங்காமல் அன்றே இறந்துபோனார். வுகோவிச் கடைசி வரைக்கும் இடத்தை விட்டுக் கொடுக்கவில்லை. ஏறக்குறைய நான்கு மணி நேரம் தனி ஆளாக ஓட்டினார். 200 சுற்றில் 195 சுற்று அவரே முன்னால்! சராசரி வேகம் மணிக்கு 207 கிலோமீட்டர். இரண்டாவதாக வந்தவர் மூன்று நிமிஷத்துக்கும் மேல் பின்னால் இருந்தார்.

1954-ல் 19-வது இடத்திலிருந்து கிளம்ப வேண்டியதாயிற்று. ஒவ்வொருவராகத் தாண்டி மறுபடியும் ஜெயித்தார்.

ஜெயித்த பிறகும் அவர் அதிகம் பேச மாட்டாராம். பத்திரிகைக்காரர்களைக் கண்டால் ஒதுங்கிவிடுவார். அதனால் மௌன செர்பியர் என்று ஒரு பட்டப்பெயர் வந்தது. ஓட்டும் வேகத்தைப் பார்த்துப் பைத்தியக்கார ரஷ்யர் என்று இன்னொரு பெயரும் வைத்தார்கள். பாவம், அவருக்கும் ரஷ்யாவுக்கும் சம்பந்தமே கிடையாது!

இண்டி 500-ஐத் தொடர்ந்து மூன்று வருஷம் ஜெயித்தவர் யாரும் அப்போது இல்லை. 2025 வரைக்கும் யாரும் இல்லை. இரண்டு தடவை ஜெயித்தாயிற்று, மனைவி எஸ்தரும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள், இனி போதும் என்று அவர் நிறுத்தியிருக்கலாம். ஏன் நிறுத்தவில்லை என்று நான் ரொம்ப நேரம் யோசித்தேன். விடை கிடைக்கவில்லை.

1955 மே 30. அன்றும் அவர்தான் முதலிடத்தில் இருந்தார். 57-வது சுற்றில் அவருக்கு முன்னால், சுற்றுக் கணக்கில் பின்தங்கிய சில வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அதில் ராட்ஜர் வார்டின் காருக்கு அச்சு உடைந்து அது புரண்டது. அதில் மோதாமல் விலகப் போன ஆல் கெல்லரின் கார் ஜானி பாய்டின் காரை இடித்துத் தள்ள, அது நேராக வுகோவிச்சின் வழியில் வந்து விழுந்தது. விலக இடமே இல்லை. அவருடைய கார் வெளிச்சுவரைத் தாண்டிப் பறந்து, உருண்டு, தீப்பிடித்தது. அந்தக் கார்களில் தலைக்கு மேலே பாதுகாப்புக் கம்பி கிடையாது. அது 1959-ல்தான் கட்டாயமானது. எட் எலிசியன் என்ற வீரர் தன் பந்தயத்தையே விட்டுவிட்டு, நடுவழியில் காரை நிறுத்தி, அவரைக் காப்பாற்ற ஓடினார். பலன் இல்லை. வுகோவிச்சுக்கு வயது 36.

ஒரு கணக்கு சொல்கிறேன், நோட்டில் போட்டுப் பாருங்கள். ஐந்து வருஷத்தில் அவர் இண்டி 500-ல் ஓட்டியது 676 சுற்று. அதில் முதலிடத்தில் இருந்தது 485 சுற்று. நூற்றுக்கு 71-க்கும் மேல்! நம்ம பரீட்சை மார்க் மாதிரி இல்லை இது. 33 கார்கள் ஓடுகிற இடம்.

அப்பா இறந்தபோது மகன் பில்லுக்கு 11 வயது. அவரும் வளர்ந்து பந்தய வீரர் ஆனார். அப்பாவைக் கொன்ற அதே மைதானத்தில் 1973-ல் இரண்டாவது இடம் பிடித்தார். 1988-ல் பேரனும் இண்டி 500-ல் ஓட்டி, அந்த வருஷத்தின் சிறந்த புதுமுகம் என்று பெயர் வாங்கினார். மூன்று தலைமுறையாக அந்தப் பந்தயத்தில் ஓட்டிய முதல் குடும்பம் அவர்களுடையதுதான். 1990 நவம்பரில், கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் ஸ்பிரிண்ட் கார் ஓட்டிப் பழகும்போது பேரன் விபத்தில் இறந்துபோனார். வயது 27. அப்பாவையும் மகனையும் பந்தயத்துக்குப் பறிகொடுத்த இரண்டாவது பில் வுகோவிச், 2023 வரை உயிரோடு இருந்தார்.