காவடிச் சிந்து தந்த கவிஞர்

ஏலத்தோட்டங்கள் சூழ்ந்த வண்டன்மேட்டிலும் அதனை அடுத்த மலையூர்களிலும் தமிழர் பலர் வாழ்கின்றனர். தமிழர் குடியேறிய இடமெல்லாம் முருக வழிபாடும் காவடியும் உடன் சென்றன. காவடிக்குரிய வழிநடைப் பாட்டை இலக்கியமாக உயர்த்தியவர் அண்ணாமலை ரெட்டியார்.

அவர் 1865ஆம் ஆண்டு, சங்கரன்கோவிலுக்கு அருகிலுள்ள சென்னிகுளத்தில் பிறந்தார். திருவாவடுதுறை மடத்தில் உ. வே. சாமிநாதையரிடம் சிலகாலம் பாடம் கேட்டார். பின்னர் ஊற்றுமலைக் குறுநில மன்னர் இருதயாலய மருதப்பத் தேவர் அவரைத் தம் அவைப்புலவராக ஏற்று ஆதரித்தார்.

புலவர் போற்றும் அரிய யாப்பு வகைகளிலும் அவர் வல்லவர். சங்கரன்கோவில் திரிபந்தாதி அவர் இயற்றியதாகும். திரிபு என்பது, நான்கு அடிகளிலும் முதலெழுத்து மட்டும் மாறி, அடுத்துவரும் எழுத்துகள் ஒன்றாக அமைந்து, பொருள் வேறுபடுவது. இங்கு மீண்டும் வரும் எழுத்துகள் கற்றோர் அறிவுக்கு விருந்தாகும்.

எனினும், அவர் பெயரை நிலைநிறுத்தியது கழுகுமலை முருகன்மீது பாடிய காவடிச் சிந்தே. மருதப்பத் தேவர் கழுகுமலைக்குக் காவடி எடுத்துச் சென்றபோது, உடன் நடந்த கவிஞர் இதனைப் பாடினார் என்பர். காவடி சுமப்பவருக்குக் கால் தளரலாகாது, மூச்சும் தடைப்படலாகாது. ஆதலின் அடிகள் சிறுசிறு துண்டுகளாக நடைபோடுகின்றன. மோனையும் எதுகையும் கால் எடுத்துவைக்கத் துணைசெய்கின்றன. இறுதியில் ஒத்து ஒலிக்கும் இயைபு, மூச்சு வாங்க இடம் தருகிறது. ஒரே அளவில் கண்ணிகள் மீண்டு வருவதால், கேட்போரும் எளிதில் உடன் பாடுவர். திரிபில் அறிவுக்கு விருந்தான ஒலியொப்புமை, சிந்தில் காலுக்குத் துணையாயிற்று.

முருகன்மேல் காதல் கொண்ட தலைவியின் பிரிவுத்துயரும் இச்சிந்தில் உண்டு. துள்ளும் சந்தத்தில் துயரம் பொருந்துமோ என ஐயம் எழலாம். பிரிந்தவர் மனம் ஒன்றையே திரும்பத் திரும்ப எண்ணும். மீண்டு மீண்டு வரும் ஓசை அம்மனத்தின் இயல்பையே காட்டுகிறது.

ஸ்காட்லாந்துக் கவிஞர் இராபர்ட் பர்ன்ஸும் நாட்டுப்புற மெட்டுகளில் காதற்பாடல்கள் இயற்றியவர். அவர் 1796இல், 37ஆம் வயதில் மறைந்தார். அண்ணாமலை ரெட்டியாருக்கு வாய்த்த வாழ்நாள் அதனினும் குறுகியது. 1891இல், முப்பது வயது நிரம்புமுன் அவர் காலமானார். ஆயினும் சிந்து ஓயவில்லை. பின்வந்த பாரதியார் அவ்வடிவில் நாட்டுப்பற்றையும் பாடினார். மலையேறும் அடியவர் நாவிலோ அது இன்றும் நடந்துகொண்டிருக்கிறது.

சிந்திக்க: திரிபிலும் சிந்திலும் மீண்டு வரும் ஒலிகள் எவ்வாறு வேறுவேறு பயன் தருகின்றன?