பக்கவாத நோயாளிக்காக சென்னை வந்த யோகா ஆசான்... கிருஷ்ணமாச்சார்யா வாழ்க்கையில் பிசியோதெரபி நோயாளிகளுக்கு என்ன பாடம்?

இன்னைக்கு உலகம் முழுக்க ஜிம்மிலும் பார்க்கிலும் செய்யப்படும் யோகாசனங்களில் பெரும்பகுதி ஒரே ஒருவரின் சீடர்கள் வழியாகப் பரவியது. அவர் திருமலை கிருஷ்ணமாச்சார்யா. மைசூர் அரண்மனையில் புகழ்பெற்ற அவரை சென்னைக்கு வரவழைத்தது ஒரு பக்கவாத நோயாளியின் தேவை.

யார் இந்த கிருஷ்ணமாச்சார்யா?

1888 நவம்பர் 18-ல், இன்றைய கர்நாடகாவின் சித்ரதுர்கா மாவட்டத்தில் பிறந்தவர். சமஸ்கிருதம், தத்துவம், ஆயுர்வேதம் எல்லாம் கற்றவர். மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில், 1933-ல் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை தொடங்கினார். 1934-ல் அவர் எழுதிய யோக மகரந்தம் நூல் வெளியானது.

அங்கே அவரிடம் பயின்றவர்கள்தான் பட்டாபி ஜோய்ஸும் பி.கே.எஸ். ஐயங்காரும். ஐயங்கார் அவரது மனைவியின் தம்பி. சின்ன வயதில் காசநோய், மலேரியா என அடுத்தடுத்து நோயால் மெலிந்துபோனவர். பின்னாளில் ஹாலிவுட்டில் யோகா பள்ளி நடத்திய இந்திரா தேவியும் இவரது மாணவிதான்.

சென்னைக்கு ஏன் வந்தார்?

சுதந்திரத்துக்குப் பிறகு அரண்மனை ஆதரவு போனது. 1950-ல் யோகசாலையும் மூடப்பட்டது. அந்த நேரத்தில் சென்னையின் பிரபல வழக்கறிஞர் ஒருவர் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டிருந்தார். அவர் மீண்டுவர உதவத்தான் கிருஷ்ணமாச்சார்யா அழைக்கப்பட்டார். அப்போது அவருக்கு 60 வயது தாண்டிவிட்டது. மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரியிலும் யோகா கற்றுக்கொடுத்தார். கடைசிவரை சென்னையிலேயே வாழ்ந்தார்.

சென்னையில் என்ன மாறியது?

மைசூரில் அவர் ரொம்ப கறாரான ஆசான். துடிப்பான சிறுவர்களுக்கு வேகமான, கடினமான ஆசனங்களை வரிசையாகக் கொடுத்தார். ஆனா சென்னையில் அவரிடம் வந்தவர்களில் பலர் முதியவர்கள், நோயாளிகள், வேலைக்குப் போகும் குடும்பஸ்தர்கள். எல்லோருக்கும் ஒரே பயிற்சி சரிப்படாது.

அதனால ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்தார். நாடி பிடித்தார், மூச்சைக் கவனித்தார், சாப்பாடு, தூக்கம், வேலை பற்றி விசாரித்தார். நிற்க முடியாதவருக்கு உட்கார்ந்தோ படுத்தோ செய்யும் பயிற்சி. கையைத் தூக்குவதைக்கூட மூச்சோடு இணைத்துச் சொன்னார். உடம்பு மாற மாற பயிற்சியும் மாறியது. எஞ்சினியரான மகன் டி.கே.வி. தேசிகாச்சார் இதைக் கற்று, 1976-ல் கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரத்தைத் தொடங்கினார். மந்தைவெளியில் அது இன்றும் இயங்குகிறது.

நோயாளிகள் கவனிக்க வேண்டியது என்ன?

யோகா வேறு, பிசியோதெரபி வேறு. பிசியோதெரபி என்பது தனிப் பட்டப்படிப்பு. 2021-ல் வந்த தேசிய ஆணையச் சட்டத்தின் கீழ் வரும் தொழில். ஆனா ஆளுக்கு ஏற்ற பயிற்சி என்பது இரண்டுக்கும் பொது. பக்கத்து வீட்டுக்காரரின் முட்டி வலிக்குக் கொடுத்த பயிற்சியை நீங்க செய்யக்கூடாது. கழுத்து எலும்பு தேய்மானம், கண் அழுத்த நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம் இருந்தால் சிரசாசனம் வேண்டவே வேண்டாம்.

பக்கவாதத்தில் முதல் சில மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும். உடல்நிலை சீரானதும் பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீங்க, தோள் மூட்டு பாதிக்கப்படும். வாரம் இரண்டு நாள் சென்டருக்குப் போவது மட்டும் போதாது, சொல்லிக்கொடுத்ததை வீட்டிலும் தினமும் செய்யணும்.

டாக்டர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

சீட்டில் பிசியோதெரபி என்று ஒற்றை வார்த்தை எழுதி அனுப்பினால் போதாது. நோய் என்ன, எந்தக் காலில் எவ்வளவு எடை தாங்கலாம், எந்த அசைவு கூடாது, இதயம் எவ்வளவு உழைப்பைத் தாங்கும், எதற்காக இந்தப் பயிற்சி என்பதையும் எழுதினால்தான் பாதுகாப்பு. மாடிப்படி ஏற வேண்டியவருக்கும் கட்டிலில் எழுந்து உட்கார வேண்டியவருக்கும் திட்டம் ஒன்றல்ல.

இதை மட்டும் பின்பற்றாதீங்க

96 வயதில் கிருஷ்ணமாச்சார்யாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சையை மறுத்து, படுக்கையில் இருந்தபடியே செய்யும் பயிற்சிகளைத் தானே வகுத்துக்கொண்டார். இதைப் பலரும் சாதனையாகச் சொல்வதுண்டு. ஆனா அவருக்குப் பின்னால் பல பத்தாண்டு காலப் பயிற்சி இருந்தது. வீட்டில் தாத்தா, பாட்டி விழுந்து இடுப்பு முறிந்தால், இந்தக் கதையை நம்பி வீட்டிலேயே படுக்க வைப்பது ஆபத்து. நுரையீரல் தொற்று, ரத்தக்கட்டி, படுக்கைப்புண் உயிரையே எடுக்கலாம். பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு நாட்களுக்குள் அறுவை சிகிச்சை செய்து, மறுநாளே பிசியோதெரபிஸ்ட் துணையோடு எழுந்து நிற்க வைப்பதுதான் இன்றைய மருத்துவ முறை.

1989 பிப்ரவரி 28-ல், 100 வயதில் சென்னையில் கிருஷ்ணமாச்சார்யா காலமானார். அவர் தனக்குச் செய்துகொண்டது அவர் உடம்புக்கானது. உங்க உடம்புக்கு எது சரி என்பதை, உங்களை நேரில் பரிசோதித்தவர்தான் சொல்ல முடியும்.