காகிதத்தில் கோவில்களைப் பிடித்த கேப்டன் டிரைப்

சித்தூரும் திருப்பதியும் சென்னை ராஜதானியின் வடஆற்காடு ஜில்லாவில் இருந்த காலம் அது. சென்னை சர்க்கார் தனக்கென்று ஒரு போட்டோகிராபரை நியமித்தது. அந்தப் பதவியை வகித்தவர் கேப்டன் லின்னேயஸ் டிரைப். தஞ்சைப் பெரிய கோவிலும், மதுரை மீனாட்சியம்மன் கோவிலும் 1858-ல் எப்படி இருந்தன என்பதை இன்று நாம் கண்ணால் பார்க்க முடிகிறதென்றால் அதற்கு இவரே காரணம்.

பட்டாளக்காரர்

டிரைப் 1822-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி இங்கிலாந்தில் டெவன்போர்ட் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். 1838-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தார். விடுப்பில் தாய்நாடு சென்றிருந்தபோது போட்டோக் கலையில் மனம் பறிகொடுத்தார். 1854-ல் பெங்களூர் திரும்பியவர், அந்த ஆண்டின் இறுதியில் ஹளேபீடு, பேலூர் கோவில்களைப் படம் எடுத்தார். 1855-ல் சென்னைக் கண்காட்சியில் அவற்றுக்குப் பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டில் பர்மா அரசரிடம் சென்ற தூதுக் குழுவோடு சர்க்கார் அவரை அனுப்பி வைத்தது.

அரிசிக் கஞ்சி

அன்று பிலிம் கிடையாது. டிரைப் பெரும்பாலும் காகிதத்திலேயே நெகட்டிவ் எடுத்தார். கடையில் வாங்கிய காகிதம் அப்படியே உதவாது. பக்குவம் செய்யாத காகிதம் மருந்தை உறிஞ்சிவிடும். படம் உள்ளே இறங்கி மங்கிப் போகும். நூலிழை போன்ற கோடுகள் தெரியா.

பாரிஸ் நகரத்து லெ கிரே 1851-ல் இதற்கு ஒரு வழி கண்டார். காகிதத்தில் தேன்மெழுகை உருக்கி ஏற்ற வேண்டும். பிறகு அரிசி வேக வைத்த கஞ்சித் தண்ணீரில் பால் சர்க்கரையும் அயோடைடு உப்பும் கலந்து, அதில் ஊற வைத்து உலர்த்த வேண்டும். அதன்பின் இருட்டறையில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்க்க வேண்டும். படம் எடுத்த பிறகு, மாசிக்காயிலிருந்து கிடைக்கும் காலிக் அமிலத்தில் போட்டால் உருவம் மெல்ல மெல்லத் தெரியும். இந்த மெழுகுக் காகித முறையையே டிரைப் கைக்கொண்டார். உலர்ந்த காகிதம் சில நாட்கள் கெடாமல் இருக்கும் என்பது பயணத்துக்குப் பெரிய வசதி.

நெகட்டிவிலிருந்து பிரதி எடுக்கும் காகிதத்துக்கும் பக்குவம் உண்டு. உப்பு நீரோ, உப்பிட்ட முட்டை வெள்ளைக்கருவோ ஏற்றி, அதன் மேல் வெள்ளி நைட்ரேட் பூசி வெயிலில் வைப்பார்கள்.

காளஹஸ்தியில் கலம்காரித் துணி எழுதுவோர் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் துணியைத் தோய்த்து உலர்த்திய பிறகே எழுதுகோலைத் தொடுவார்கள். அப்போதுதான் சாயம் படராது. டிரைப் காகிதத்துக்குச் செய்ததும் அது போன்ற வேலையே.

மாட்டு வண்டிப் பயணம்

1857 டிசம்பரில் டிரைப் பெங்களூரிலிருந்து மாட்டு வண்டிகளில் புறப்பட்டார். பெரிய கேமராவும், மருந்துகளும், காகிதக் கட்டுகளும் வண்டிகளில் ஏறின. ராயக்கோட்டை, திருச்சி, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை என்று சுற்றி 1858-ல் சென்னை சேர்ந்தார். வெயிலில் மெழுகு இளகும். நல்ல தண்ணீர் கிடைப்பது அரிது. அத்தனைக்கும் நடுவில் எடுத்த படங்கள் அவை.

தஞ்சைப் பெரிய கோவிலின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டை வரிசையாக 21 படங்கள் எடுத்து, ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளமுள்ள ஒரே படமாக்கினார். எழுத்துக்கள் தெளிவாக விழுந்தன. அன்றைய மருந்தில் வானம் வெறும் வெள்ளையாகவே விழும். ஆகவே நெகட்டிவின் மீது தூரிகையால் மேகம் தீட்டினார்.

சென்னை மியூசியத்தில் கிடந்த அமராவதிச் சிற்பங்களையும் அந்த ஆண்டே படம் எடுத்தார். அடுத்த ஆண்டு அவற்றில் பல லண்டனுக்குக் கப்பலேறிவிட்டன.

செலவு என்று நின்றது

டிரைப்பை ஆதரித்தவர் கவர்னர் ஹாரிஸ் பிரபு. 1859-ல் அவர் போய், சார்லஸ் டிரெவெல்யன் வந்தார். கலகத்துக்குப் பின் கஜானா காலியாக இருந்த நேரம். போட்டோவை வீண் செலவாகக் கருதிய புதிய கவர்னர், வேலையை நிறுத்தச் சொன்னார். ராஜதானி முழுவதையும் படமாக்கும் திட்டம் பாதியிலேயே முடிந்தது. 1858-ல் வெளியான ஒன்பது தொகுப்புகளும் ராயக்கோட்டை, திருச்சி, தஞ்சை, மதுரைப் பக்கத்து இடங்களைப் பற்றியவை. வடஆற்காடுக்கென்று ஒன்றும் இல்லை. அன்றைய திருப்பதியைக் காட்டும் டிரைப் தொகுப்பு நமக்குக் கிடைக்காமலே போயிற்று.

டிரைப் மீண்டும் படை வேலைக்குத் திரும்பினார். அதன்பின் படம் எடுத்தது மிகச் சொற்பம். ஓய்வு பெற்று ஊர் சென்று, 1902 மார்ச் 2-ந் தேதி, பிறந்த டெவன்போர்ட்டிலேயே காலமானார்.

2014-லும் 2015-லும் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் நகரங்களில் அவருடைய படங்களைக் கண்காட்சியாக வைத்தார்கள். வீண் செலவு என்று நிறுத்தப்பட்ட அந்தக் காகிதங்கள் இன்று மியூசியங்களில் பொக்கிஷமாகப் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.