சத்தி செல்லும் வழி கண்ட போர்ஸ்ரர்

பச்சிலைமீது ஞாயிற்றின் கதிர் விழுகின்றது. அதனை ஏற்கும் பச்சைய மூலக்கூறுகள் எண்ணிறந்தன. அச்சத்தியைக் கொண்டு உணவாக்கத்தைத் தொடக்கும் மையங்களோ மிகச் சில. எங்கோ ஒரு மூலக்கூறு பெற்ற சத்தி அம்மையத்தை எவ்வாறு சென்றடைகின்றது? இவ்வினாவைத் தீர்க்கும் வழியைக் காட்டியவர் தியோடோர் போர்ஸ்ரர் ஆவர்.

இவர் 1910 ஆம் ஆண்டு மே மாதம் 15 ஆந் திகதி ஜேர்மனியின் பிராங்பேட் நகரிற் பிறந்தார். அந்நகர்ப் பல்கலைக்கழகத்தில் எர்வின் மாடெலுங் என்பாரிடம் பயின்று, 1933 இல் இளவயதிலேயே கலாநிதிப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் நாசிக் கட்சியிலுஞ் சேர்ந்தார். பின்னர் லைப்சிக்கில் ஆராய்ச்சி உதவியாளராயமர்ந்தார். 1942 இல் போலந்தின் போசன் நகரிற் பேராசிரியரானார். போலந்தியரின் பல்கலைக்கழகத்தை மூடிவிட்டு, அவ்விடத்தில் ஜேர்மனியர் நிறுவிய பல்கலைக்கழகம் அது. பெரியோர் வரலாற்றை எழுதுவோர் இவற்றை மறைத்தல் முறையன்று.

போர் முடிந்தபின், 1946 இல், சத்திப் பெயர்ச்சி பற்றிய கட்டுரையை வெளியிட்டார். 1948 இல் அதனைக் கணித முறையில் விரித்தார். ஒளியாற் கிளர்ந்த மூலக்கூறு தன் சத்தியை ஒளியாக உமிழாமலே அயன்மூலக்கூறுக்கு அளிக்கலாம். வீணையில் ஒரு நரம்பை மீட்ட, ஒத்த சுருதியுடைய மற்றொன்று தானே அதிர்வதை ஒப்பது இது. வழங்குவதன் ஒளிர்வு நிறமாலை ஏற்பதன் உறிஞ்சல் நிறமாலையோடு பொருந்துதல் வேண்டும். தூரம் இருமடங்காயிற் பெயர்ச்சியின் வேகம் 64 இல் ஒரு பங்காகக் குறையும். இதுவே அவர் நிறுவிய விதி.

1951 இல் ஸ்ருட்காட்டிற் பேராசிரியராகிச் சேதனச் சேர்வைகளின் ஒளிர்வு பற்றிய பெருநூலையும் வெளியிட்டார். 1974 மே 20 இற் காலமானார்.

அவர் வாழ்ந்தபோதே, 1967 இல், ஸ்ட்ரையரும் ஹோக்லண்டும் அவ்விதியை மூலக்கூறினுள்ளே தூரமளக்குங் கோலாகப் பயன்படுத்திக் காட்டினர். இன்றோ, கிளைத்த மூலக்கூறுகளின் நுனியிலும் நடுவிலும் சாயங்களைப் பிணைத்து, சத்தி நுனியிலிருந்து நடுவுக்கு விரைதலை ஆராய்கின்றனர். ஒரு செக்கனைக் கோடியாகப் பகுத்து, அப்பங்கொன்றை மீண்டுங் கோடியாகப் பகுத்தாற் பெறும் சிறுபொழுதளவான இலேசர்த் துடிப்புகள் அதற்கு உதவுகின்றன. சாயங்கள் மிக நெருங்கியவிடத்து அவ்விதி போதாமையும் புலனாகியுள்ளது. எனினும், ஆராய்ச்சி தொடங்குவது அவர் வகுத்த கணக்கிலிருந்தே.

மாணவர்காள்! அவர்தம் அறிவைப் போற்றிக் கற்பீராக. கற்ற அறிவு, நிற்கவேண்டிய இடத்தைத் தானே காட்டிவிடுவதில்லை என்பதையும் அவர் வாழ்விலிருந்தே அறிவீராக.