நிற்போர்க்கு இடம் வகுத்த லீச்

கார்த்திகைத் திங்களில் திருவண்ணாமலைக்கு வந்து சென்றவர் எவரும் நிற்றலின் அருமையை நன்கறிவர். மாலை ஆறு மணிக்கு மலையுச்சியில் மகாதீபம் தோன்றும் அவ்வொரு நொடியைக் காண்டற்பொருட்டு, வைகறை தொடங்கியே மக்கள் தெருக்களிலும் திண்ணைகளிலும் மாடிகளிலும் வந்து நிறைந்து நிற்பர். 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதை முழுவதும் தலைகளாகவே தோன்றும். அத்துணைப் பேரில் தமக்கோர் இருக்கை வேண்டும் என்று கேட்பார் ஒருவருமிலர். யாம் கிறித்தவக் குடியிற் பிறந்தேமாயினும் இவ்வூரிலேயே வளர்ந்தமையின் அக்கூட்டத்தை ஆண்டுதோறும் கண்டு வருகின்றோம். ஏழெட்டு வயதில் ஒரு தீப நாளன்று தேரடித் தெருவில் அதனிடை அகப்பட்டு, கால்கள் நிலத்திற் படாமலே பத்துப் பன்னிரண்டு அடி தூரம் கொண்டு செல்லப்பட்டோம். அருகில் நின்ற பெரியவர் ஒருவர் எம்மைத் தூக்கித் தம் தோள்மேல் இருத்திக்கொண்டமையால் மூச்சு மீண்டது. எம்மை நெருக்கியவருள் எவரும் நெருக்க எண்ணியவரல்லர். தள்ளியவர் தாமும் பின்னிருந்து தள்ளப்பட்டவரே.

அந்நினைவு நெடுநாள் எம்முள் உறங்கிக் கிடந்தது. விடுதியில் இரவு நேரங்களில் ஆங்கில நாட்டுக் காற்பந்தாட்டத்தைக் காணும் நண்பர் சிலர், ஆட்டக்களங்களில் நின்று பார்க்கும் பகுதிகளை அந்நாட்டார் மீண்டும் அமைத்தது நன்றோ தீதோ என்று சொற்போர் நிகழ்த்தியபோது அது விழித்துக்கொண்டது. அவ்வழக்கின் வேரைத் தேடிச் சென்ற யாம் ஒரு மனிதரின் வரலாற்றிற் சென்று சேர்ந்தோம். அவரே ஆர்ச்சிபால்டு லீச் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு இஞ்சினீயர். காற்பந்தாட்ட உலகிற் புகழ்பெற்ற பெயராயினும் நம் நாட்டில் அவரை அறிவார் சிலரே. அவர் தொழிலின் தொடக்கம் தமிழர் வியர்வை சிந்திய மண்ணோடு தொடர்புடையது என்று அறிந்த பின்னர் அவர் வரலாற்றை எழுதாதிருக்க எம்மால் இயலவில்லை.

லீச் 1865-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் கிளாஸ்கோ நகரிற் பிறந்தார். இரும்பாலைகளும் கப்பல் கட்டுந் துறைகளும் செறிந்த அந்நகரில், கணக்கும் வரைபடமும் கைவந்த இளைஞர் இஞ்சினீயராவது இயல்பு. அவரும் அவ்வாறே ஆயினார். ஆனால் முதலில் அவர் வரைந்தவை ஆட்டக்களங்கள் அல்ல, ஆலைகள். தம் நகரிலும் அதனைச் சூழ்ந்த லானர்க்ஷயரிலும் ஆலைகள் வகுத்ததோடு, இலங்கையில் கண்டிக்கு அண்மையிலுள்ள தெல்தோட்டையில் தேயிலை ஆலைகளையும் அவர் வகுத்தார். 1869-ஆம் ஆண்டு முதற் பரவிய இலைநோய் காப்பித் தோட்டங்களை அழித்துவிட, அம்மலைகளிற் காப்பியின் இடத்தைத் தேயிலை பற்றிக்கொண்ட காலம் அது. ஜேம்ஸ் டெய்லர் என்னும் மற்றொரு ஸ்காட்லாந்தியர் 1867-இல் தேயிலையை வாணிகப் பயிராக முதன்முதல் நட்ட லூல்கந்துரைத் தோட்டமும் அப்பக்கத்ததே. அங்கே கொழுந்து பறித்தவரும் மூட்டை சுமந்தவரும் யாவர்? கங்காணியின் பின்னே கடல் கடந்து சென்ற நம் மக்களே. அவர் எவரும் லீச்சின் பெயரைக் கேட்டிருக்கமாட்டார். லீச்சும் அவர் பெயர்களை அறிந்திருக்கமாட்டார்.

தேயிலை ஆலையின் அமைப்பைச் சிறிது எண்ணிப் பார்த்தல் தகும். கொழுந்தை மேல்மாடங்களிற் பரப்பி வாட்டுவர், கீழே இறக்கி உருட்டுவர், பின்னர் உலர்த்துவர். இதற்கு வேண்டுவன இரும்புத் தூண்களும், அகன்ற கூரையும், காற்றோட்டமும், குறைந்த செலவுமாம். அழகு பின்னரே. பிற்காலத்தில் அவர் எழுப்பிய பார்வையாளர் மாடங்களிலும் இவ்விலக்கணமே விளங்குகின்றது. அவை ஆலைகளைப் போல் இருக்கின்றன என்று அக்காலத்தார் குறை கூறியதும் உண்டு. அது குறையன்று என்பது எம் எண்ணம்.

1899-இல் ரேஞ்சர்ஸ் என்னும் கிளாஸ்கோக் கழகத்தார் ஐப்ராக்ஸ் என்னுமிடத்தில் தங்களுக்கு ஒரு புதுக் களம் அமைக்கும் பணியை அவரிடம் ஒப்புவித்தனர். லீச்சோ இளமை தொட்டே அக்கழகத்தின்மேல் அன்புடையவர். தாம் விரும்பிய ஆட்டக்காரர்க்குத் தாமே களம் வகுக்கும் பேறு எத்துணை பேருக்கு வாய்க்கும்! சனிக்கிழமை நண்பகலில் வேலை முடிந்து ஆலையினின்றும் துறைமுகத்தினின்றும் நேரே ஆட்டத்திற்கு வரும் தொழிலாளர் பல்லாயிரவர் நின்று காணுமாறு, மேற்குப் புறத்தில் உயர்ந்ததொரு நிலைப்படியை அவர் எழுப்பினார். நிற்போர்க்கெனப் படிப்படியாய் அமைந்த சரிவையே நிலைப்படி என்று இங்கே வழங்குகின்றோம். எஃகுத் தூண்களின்மேல் சட்டங்களும், சட்டங்களின்மேல் மரப்பலகைகளுமாக அது அமைந்தது. பலகைக்குக் கீழே இருந்தது வெற்றிடமே.

1902-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் சனிக்கிழமை அக்களத்தில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் மோதின. முன்னாள் இரவு மழை பெய்திருந்தது. அறுபதாயிரவர்க்கு மேற்பட்டோர் திரண்டிருந்தனர். ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரஞ் செல்லவே, மேற்கு நிலைப்படியின் உயர்ந்த பகுதியிற் பலகைகள் முறிந்து பெருந்துளை ஒன்று வாய் திறந்தது. நின்ற நிலையிலேயே மாந்தர் ஒருவர்மேல் ஒருவராக ஏறக்குறைய 40 அடி ஆழத்திற் போய் வீழ்ந்தனர். 25 பேர் மாண்டனர். 500-க்கு மேற்பட்டோர் காயமுற்றனர். யாம் படித்தவற்றுள் எம் நெஞ்சை மிகவும் வருத்திய செய்தி வேறொன்று. ஆட்டம் சிறிது நேரம் நின்று மீண்டும் நடந்தது. களத்தின் பல பகுதிகளில் நின்றோர்க்கு நேர்ந்தது இன்னதென்றே தெரியவில்லை. ஒரே இடத்தில் ஒரு பகுதியார் பிணங்களைத் தூக்கிக்கொண்டிருக்க, மற்றொரு பகுதியார் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தனர். ஒன்றுக்கு ஒன்றாக முடிந்த அவ்வாட்டம் பின்னர்க் கணக்கினின்று நீக்கப்பட்டு, மே மாதத்தில் பர்மிங்காம் நகரில் மீண்டும் ஆடப்பட்டது.

லீச் அன்று அங்கேயே இருந்தார். தாம் வரைந்த கோடுகள் முறிந்து வீழ்வதைத் தம் கண்ணாலேயே கண்டார்.

வழக்குத் தொடரப்பட்டது, ஆனால் குற்றக்கூண்டில் நின்றவர் லீச் அல்லர், மரம் கொடுத்தவரே. உயர்ந்த செம்பைன் மரத்துக்கு மாறாகத் தாழ்ந்த மஞ்சட்பைன் மரத்தை இட்டார் என்பது அவர்மேற் சாட்டப்பட்ட குற்றம். மரத்தில் அன்று, வகுத்த முறையிலேயே குறை என்று அவர் பக்கத்தார் வாதிட்டனர். முடிவில் அவர் விடுதலை பெற்றார். அங்ஙனமாயின் குற்றம் யாருடையது? அது யார் தலையிலும் இறங்கவில்லை. லீச்சைக் குற்றமற்றவர் என்று கூற யாம் துணியோம். பல்லாயிரவர் நிற்கும் பலகையின் கீழே வெற்றிடம் விட்டவர் அவரே. மரத்தின் தரத்தை நோக்க வேண்டியவரும் அவரே. ஆயினும் அடுத்து அவர் செய்த செயல் எம்மைச் சிந்திக்க வைத்தது. தம் துயரத்தைத் தெரிவித்தும், களத்தைச் சீர்திருத்தும் பணியைத் தமக்கே தருமாறு வேண்டியும் அவர் அக்கழகத்தார்க்குக் கடிதம் விடுத்தார். முதலில் இதனைப் படித்தபோது, நாணமற்ற செயல் என்றே எண்ணினோம். பின்னர் வேறு வகையாகவும் எண்ணினோம். அவர் அன்றே தேயிலை ஆலைகளுக்கு மீண்டிருப்பின், அப்பலகை முறிந்த காரணத்தை அவரைப் போல் இராப்பகலாய் எண்ணியிருப்பார் வேறு யார்?

கழகத்தார் அவர் வேண்டுகோளை ஏற்றனர். மரத்தாலும் வெற்றிடத்தாலுமான நிலைப்படியை லீச் கைவிட்டார். மண்ணைக் கொட்டி மேடாக்கி, அம்மேட்டின் சரிவிற் படிகள் வெட்டி, திண்ணிய நிலத்தின்மேலேயே மக்களை நிற்க வைத்தார். அடுத்து, நெருக்கத்தை அடக்கும் வழியை ஆராய்ந்தார். சரிவில் நிற்கும் கூட்டம் நீர் போன்றது. மேற்படியில் ஒருவர் முன் சாய்ந்தால் அச்சாய்வு அடுத்தவரிடம் ஏறி, அடுத்தவரினின்று அதற்கடுத்தவரிடம் பெருகி, கீழ்ப்படியில் நிற்பவர் மார்பில் வந்து மோதும். ஆதலின் அவர் இடையிடையே இடுப்பளவு உயரத்தில் இரும்புத் தடுப்புகளை நாட்டினார். ஒரே வரிசையாக நாட்டாமல் மாறி மாறி நாட்டினமையால், மேலிருந்து வரும் அழுத்தம் எங்கும் நெடுந்தூரம் ஓட இயலாது. ஒவ்வொரு தடுப்பும் தன்மேற் பட்ட அளவைத் தானே தாங்கிக்கொள்ளும். நடைவழிகளையும் அத்தடுப்புகளுக்கு இயைய அமைத்தார். இம்முறைக்கு அவர் காப்புரிமையும் பெற்றார். தேரடித் தெருவில் எம் கால்கள் நிலத்தினின்று எழுந்தமைக்குக் காரணம் என்ன என்பது, இதனைப் படித்த அன்றே எமக்கு விளங்கியது. எமக்கும் எம் பின்னிருந்த நூற்றுவர்க்கும் இடையே தடுப்பொன்றும் இல்லை.

அதன்பின் அவர் கைபடாத பெருங்களம் அந்நாட்டிற் சிலவே. 1903-இல் கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க், 1905-இல் லண்டனில் ஸ்டாம்போர்டு பிரிட்ஜும் கிரேவன் காட்டேஜும், 1906-இல் லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மாடம், 1910-இல் மான்செஸ்டரின் ஓல்டு டிராஃபோர்டு எனப் பட்டியல் நீளும். இருபதுக்கு மேற்பட்ட களங்களில் அவர் பணியாற்றினார். குடிசன் பார்க்கிலே மேல்மாடத்தின் முகப்பில் இரும்புச் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய அவர் கோலம், நம் வீட்டு மூங்கில் தட்டியை நினைவூட்டும். 1937-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஹாம்ப்டன் பார்க்கில் 1,49,000-க்கு மேற்பட்டோர் ஓர் ஆட்டத்தைக் கண்டனர். அவருட் பெரும்பாலோர் நின்றவரே. ஐப்ராக்ஸில் 1929-இல் அவர் கட்டிய பெருமாடம் இன்றும் உளது. 1939-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள், எழுபத்து நான்காம் பிறந்த நாளுக்கு இரு நாள் முன்னர், அவர் மறைந்தார்.

ஒருவர் வகுத்தவை அவர்க்குப் பின்னும் மாந்தரைத் தாங்குவனவாயின், அவர் வரலாறு இறப்போடு முடிவதில்லை. 1946-இல் போல்டன் நகரில் அளவுக்கு மீறிய கூட்டத்தின் முன் தடுப்புகள் முறிந்து 33 பேர் இறந்தனர். 1971-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் நாள் அதே ஐப்ராக்ஸ் களத்தில், ஆட்டம் முடிந்து வெளியேறும் படிக்கட்டில் 66 பேர் நசுங்கி இறந்தனர். 1985-ஆம் ஆண்டு மே 11-ஆம் நாள் பிராட்போர்டு நகரில், லீச் 1908-ஆம் ஆண்டளவில் அமைத்த மரமாடம் தீப்பற்றி 56 பேர் மாண்டனர். பலகை இடுக்குகளின் வழியே பல்லாண்டுகளாக வீழ்ந்து சேர்ந்திருந்த குப்பையில் தீப்பற்றியது. மீண்டும் மரம், மீண்டும் பலகைக்கடியில் வெற்றிடம்! ஆனால் நண்பர்கள் ஒன்றைக் கருத வேண்டும்: அங்கே தீயில் அகப்பட்டது இருக்கைகள் உள்ள மாடம்.

எனினும் நிற்பதே தீது என்னும் முடிவுக்கு அந்நாட்டாரைக் கொண்டு சேர்த்தது 1989-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோக் களத்தில் நேர்ந்த பேரிடர். வெளியே திரண்ட நெரிசலைத் தணிக்கக் காவல் அதிகாரிகள் ஒரு கதவைத் திறப்பித்தனர்; உட்புகுந்தோர் ஒரு சுரங்க வழியே, முன்னரே நிரம்பியிருந்த கம்பியடைப்புகளுக்குட் சென்றனர்; முன்னே வேலி; பின்னே கூட்டம். அதனால் இறந்தோர் 97 பேர். குடித்து வந்தோரே காரணம் என்று பல்லாண்டுகள் பழி தூற்றப்பட்டது. 2016-ஆம் ஆண்டு விசாரணையில், ஆட்டம் காண வந்தோர்மேற் குற்றமில்லை என்று தீர்ப்பாயிற்று. அங்கே லீச் கட்டியது தென்புற மாடம். மக்கள் மடிந்த பகுதியன்று. ஆயினும் நீதிபதி டெய்லரின் 1990-ஆம் ஆண்டு அறிக்கையை அடுத்து, உயர்பிரிவுக் களங்களிலெல்லாம் நிலைப்படிகள் அகற்றப்பட்டு இருக்கைகள் இடப்பட்டன. லீச்சின் மண்மேடுகள் ஒவ்வொன்றாய் மறைந்தன.

மக்களோ நிற்பதை விடவில்லை. இருக்கைக்கு முன்னே எழுந்து நின்றனர். முழங்கால் உயர இருக்கை முதுகு முன்னே இருக்க, பிடித்துக்கொள்ள ஒன்றுமின்றி நிற்பது நிலைப்படியினும் தீது. நுழைவுக் கட்டணமும் ஏறி, லீச் எவர்க்காக மண் கொட்டினாரோ அத்தொழிலாளர் பலர் வெளியே நின்றனர். ஜெர்மானியர் இதற்கொரு வழி கண்டிருந்தனர்: ஒவ்வொரு வரிசைக்கும் இடுப்பளவு கம்பி; மடித்துப் பூட்டும் இருக்கை; ஒவ்வொருவர்க்கும் எண்ணிட்ட தனியிடம். 2016-இல் கிளாஸ்கோவின் செல்டிக் கழகத்தார் இதனைத் தழுவினர். 2022-ஆம் ஆண்டு ஜனவரியில் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஐந்து கழகங்களிற் சோதனையாகத் தொடங்கி, அவ்வாண்டின் அடுத்த பருவம் முதல் உயர்பிரிவுக் களங்களில் உரிமம் பெற்று அமைக்க இசைவு தரப்பட்டது. இக்கம்பியை யாம் படத்திற் கண்டபோது, லீச்சின் தடுப்பு வரிசைதோறும் நீண்டுவிட்டது என்றே தோன்றிற்று.

நம் நாட்டிலும் 1980-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் கல்கத்தா ஈடன் கார்டனில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் கழகங்களின் ஆட்டத்தின்போது 16 பேர் உயிரிழந்தனர். 2025-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் பெங்களூரில் கிரிக்கெட் வெற்றி விழாவிற்கு வந்த 11 பேர் இறந்தது களத்தினுள் அன்று, அதன் வாயில்களில். உள்ளே இருக்கைகள் இருந்தும் வாயிலில் நின்றோர்க்கு ஒரு கணக்கும் இல்லை. நிற்பதா இருப்பதா என்று வாதிட்ட எம் விடுதி நண்பர்க்கு யாம் இறுதியிற் கேட்ட வினா இதுவே: ஓரிடத்தில் எத்தனை பேர், எதன்மேல் நிற்கின்றனர், எவ்வழியே வெளியேறுவர் என்பதை எண்ணியவர் யார்? அவர்கள் விடை கூறாமல் ஆட்டத்தைக் காணத் திரும்பிவிட்டனர்.

எம் ஊரிலே ஒருமுறை அதனை எண்ணினர். 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாள் புயல் மழையில் மலைச்சரிவு இடிந்து வீழ்ந்து அடிவாரத்தில் எழுவர் புதையுண்டு இறந்தனர். தீப நாளுக்கு இன்னும் இரு வாரமும் இல்லை. முந்திய ஆண்டுகளில் அனுமதிச் சீட்டுப் பெற்ற 2,500 பேர் மலையேறி நின்று தீபம் காண்பது வழக்கம். நிலநூல் வல்லுநர் வந்து மண்ணை ஆராய்ந்தனர். அவ்வாண்டு பக்தர் மலையேறுதல் தடுக்கப்பட்டது. டிசம்பர் 13-ஆம் நாள் மாலை, 2,668 அடி உயரத்தில் தீபம் எழுந்தபோது மலைச்சரிவு வெறுமையாய் இருந்தது. கீழே தெருக்களில் மக்கள் வழக்கம் போல் நின்றனர். யாமும் எம் வீட்டு மாடியில் நின்று அதனைக் கண்டோம்.